கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்: பழைய காரில் சின்ன ரிப்பேர் பெரிய வேலையாவது ஏன்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



"கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பூதத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்தக் கிணற்றுக்கும் போக வேண்டாம். பெரம்பலூரிலோ அரியலூரிலோ பழைய கார் வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் ஒரு நாள் நின்றால் போதும். காலையில் "ஒரு ஹோஸ் மட்டும் மாத்தணும், ஒரு மணி நேர வேலை" என்று உள்ளே வந்த அம்பாசிடர், சாயங்காலம் பானட்டைத் திறந்து போட்டபடி, என்ஜின் மேல் ஹெட் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். டிரைவர் அண்ணன் தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

இதில் நஷ்டம் யாருக்கு? வண்டி ஓடினால்தான் வருமானம் என்று இருக்கிற டிரைவருக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். பட்டறைக்காரருக்கு இடமும் நஷ்டம், பெயரும் நஷ்டம். "இவன் கிட்ட விட்டா இழுத்தடிப்பான்" என்ற பேச்சு ஊருக்குள் பரவ ஒரு வாரம் போதும். நாளைக்கு நாமும் டிப்ளமோ முடித்து ஒரு பட்டறையிலோ சர்வீஸ் சென்டரிலோ நிற்கப் போகிறவர்கள்தான். ஆகவே இதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். வேலை வளர்வது தலையெழுத்தா? காரணம் சொல்லக்கூடிய விஷயமா? காரணம் சொல்லக்கூடிய விஷயம்தான் என்பதே இக்கட்டுரையின் முடிவு. காரணம் தெரிந்தால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்.

1. நமக்குத் தெரிந்த கார்

உதாரணத்துக்கு அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் இறுதியில் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறி மாறி, 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெளித்தோற்றம் அதிகம் மாறாத கார். பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானபோது கலெக்டர் ஆபீஸ் கார் என்றாலே வெள்ளை அம்பாசிடர்தான் மனக்கண்ணில் வரும்.

பழைய மாடல்களில் இருந்தது 1489 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. இன்னொரு முக்கியமான சமாச்சாரம், இதற்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகரப் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு மாதிரி. அது துரு பிடித்தால் அழகு மட்டும் போகாது, பலமும் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2. ஒரு ஹோஸ் பைப்பின் கதை

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளிப், ஒரு ஹோஸ். அவ்வளவுதான் வேலை. இப்போது படிப்படியாகப் பாருங்கள்.

முதல் படி: பழைய ஹோஸ் தெர்மோஸ்டாட் மூடியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருகி இழுத்தால் கழுத்து பொரிந்து உதிர்கிறது. அது அலுமினியம். பல வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறி அரித்துப்போயிருக்கிறது. புது ஹோஸைப் போட்டாலும் அந்தக் கழுத்தில் கிளிப் இறுகாது. ஆகவே மூடியை மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: அந்த மூடியை மூன்று ஸ்டட்டுகள் பிடித்திருக்கின்றன. ஸ்டட் இரும்பு, மூடி அலுமினியம், நடுவில் ஈரம். இரண்டு வெவ்வேறு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரி என்று கெமிஸ்ட்ரியில் படித்திருக்கிறோம். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி ஸ்டட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பேனர் போட்டதும் ஒரு ஸ்டட் "படக்"கென்று முறிகிறது.

மூன்றாம் படி: முறிந்த துண்டு ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. வண்டியில் வைத்தே டிரில் போட்டு எடுக்கப் பார்க்கலாம். ஆனால் ரேடியேட்டர் இடைஞ்சல், டிரில் நேராக நிற்காது, மரை போய்விடும். "ஹெட்டைக் கழட்டி பெஞ்சுல வச்சுப் பார்த்தாத்தான் சரியா வரும் தம்பி" என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது நியாயம்தான்.

நான்காம் படி: ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டில் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகிய தடம். ஹெட்டின் அடிப்பாகத்தில் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் நடுவில் இடைவெளி. சூடேறிச் சூடேறி ஹெட் வளைந்திருக்கிறது. புது கேஸ்கெட் போட்டு அப்படியே மாட்டினால் சீக்கிரமே மறுபடி ஒழுகும். லேத்துக்கு அனுப்பி மட்டம் எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: "லேத்துக்குத்தான் போகுதே, வால்வையும் கிரைண்ட் பண்ணிடலாம்." வால்வைக் கழற்றினால் வால்வு கைடு தேய்ந்து ஆடுகிறது. அதையும் மாற்றுகிறார்கள்.

ஆறாம் படி: எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் நீலப் புகை. மேல் பாகம் இறுக்கமானதும், கீழே தேய்ந்து போன பிஸ்டன் ரிங்குகளின் குறை கூடுதலாகத் தெரியும் என்பது அனுபவசாலிகள் அடிக்கடி சொல்லும் விஷயம். இனி ரிங், பிறகு ரீபோர், அப்புறம் கிராங்க் பேரிங்.

ஒரு ரப்பர் குழாயில் ஆரம்பித்து முழு என்ஜின் வேலையில் வந்து நிற்கிறோம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது இதுதான். கவனியுங்கள், இதில் எந்தப் படியிலும் யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரிகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

3. ஏன் வளர்கிறது? ஐந்து காரணங்கள்

(அ) ஒரே காரணம், பல பழுதுகள்

நம் மாவட்டங்களின் மண்ணைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்தது. சாத்தனூரில் நாம் சுற்றுலா போய்ப் பார்க்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரமும், அரியலூர்ச் சுரங்கங்களில் கிடைக்கும் கிளிஞ்சல் புதைபடிவங்களும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லால்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள். அதே சுண்ணாம்புதான் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு வரும் கிணற்றுத் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் கரைந்து வருகிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைத் தொடும்போது, கால்சியம் கார்பனேட் கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் மறுபடி கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது இதுதான். ரேடியேட்டரில் அப்படிப்பட்ட தண்ணீரை ஊற்றினால், என்ஜினும் ஒரு வெந்நீர் அண்டாதானே!

வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவில் இந்தச் சுண்ணாம்புப் படிவம் கடத்துவது சுமார் இருபதில் ஒரு பங்குதான். ஆகவே மெல்லிய படலம் பிடித்தாலே சூடு வெளியேறாது. கடைசிச் சிலிண்டர் பக்கம் வண்டல் சேர்ந்து தண்ணீர் ஓட்டம் குறையும். ஹெட் வளையும். வாட்டர் பம்ப் சீல் தேயும். ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி அடித்திருக்கும் கோர் பிளக் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இப்போது புரிகிறதா? ஹோஸ் வெடித்தது தனி வியாதி இல்லை. தண்ணீர் கெட்டதால் வந்த பல வியாதிகளில் முதலில் வெளியே தெரிந்தது அது, அவ்வளவுதான். ஒரே காரணம் பல பாகங்களைச் சேர்த்துக் கெடுத்திருந்தால், ஒன்றைத் தொட்டதும் மற்றவை வரிசையாக வந்து நிற்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மருந்து ஊற்றி அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்தால், அதுவரை ஒழுகாத ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிக்கும். துளைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுண்ணாம்புதான்!

(ஆ) கழற்றுவதே உடைக்கும்

பழைய வண்டியில் ஒரு போல்ட் முறியாமல் கழன்று வர 100-க்கு 95 வாய்ப்பு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 போல்ட் கழற்ற வேண்டிய வேலையில், பத்தும் ஒழுங்காக வர வாய்ப்பு என்ன? 0.95-ஐப் பத்து முறை பெருக்குங்கள். சுமார் 60 சதவீதம். 20 போல்ட் என்றால் சுமார் 36 சதவீதம். அதாவது மூன்று வண்டியில் இரண்டில் ஏதாவது ஒரு போல்ட் முறியத்தான் செய்யும். மேஸ்திரியின் கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படி. ஆகவே எத்தனை போல்ட்டைத் தொடுகிறோம் என்பதே ஆபத்தின் அளவு.

(இ) டிசைனே அப்படி

சில வேலைகள் வெளியே பார்க்கத்தான் சின்னவை. இதே 1489 சி.சி. என்ஜினில் "டப்பெட் சத்தம் வருது, ராக்கர் ஷாஃப்டை மட்டும் எடுத்துப் புஷ் மாத்தலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டைப் பிடிக்கும் 11 நட்டுகளைச் சேர்ந்தவை! அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் இறுகி, திருகிக்கொள்ளும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் சம்ப்புக்குள்ளும் இறங்கலாம். அதனால்தான் இந்த வகை என்ஜினின் சர்வீஸ் புத்தகம், ராக்கரைக் கழற்றும் முன் தண்ணீரை இறக்கிவிட்டு எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்கிறது. ஹெட் நட்டைத் தளர்த்தியபின் பழைய கேஸ்கெட்டை நம்ப முடியுமா? பல சமயம் முடியாது. ஆக, ராக்கர் வேலை என்பது உண்மையில் ஹெட் வேலை. புத்தகத்தை முதலிலேயே பார்த்தவருக்கு இது அதிர்ச்சி தராது.

(ஈ) புதுசு பழசை உடைக்கும்

ரேடியேட்டர் மூடி தேய்ந்து போய் அழுத்தம் பிடிக்கவில்லை என்று புது மூடி போடுகிறோம். உதாரணமாக 7 பவுண்டு மூடி என்றால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 டிகிரி வரை தாங்கும். நல்லதுதான். ஆனால் அந்த அழுத்தம் பழைய ஹோஸ், பழைய ஹீட்டர் குழாய், பழைய ரேடியேட்டர் சால்டரிங் எல்லாவற்றின் மேலும் சேர்ந்து விழும். எது பலவீனமோ அது வெடிக்கும்.

பிரேக்கிலும் இதே கதை. ஒரு வீல் சிலிண்டருக்கு மட்டும் புது ரப்பர் கப் போட்டு பிரேக் நன்றாகப் பிடித்தால், அடுத்த சக்கரத்தின் பழைய கப் ஒழுக ஆரம்பிக்கும். சங்கிலியில் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் இழுவை அடுத்த கண்ணிக்குப் போகும்.

வண்டியைச் சுற்றியுள்ள உலகம் மாறினாலும் இது நடக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியோடு நின்றது. அந்த ஈயம் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு சீட்டுகளுக்கு ஒரு பூச்சு மாதிரி உதவிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் சீட்டு சீக்கிரம் உள்வாங்கும். இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் இளக வைக்கக்கூடியது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்று ஓனர் சொல்வது பொய்யில்லை. நேற்றைய பெட்ரோல் வேறு.

(உ) "கையோட பார்த்துடலாம்"

இது மனிதக் காரணம். ஒரு வகையில் இது நியாயமே. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. ரிலீஸ் பேரிங்கை அப்போதே மாற்றாமல் விட்டு, மூன்று மாதம் கழித்து அது கத்தினால், மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பேரிங்கின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம்.

ஆனால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கிறதே என்று, சத்தமே போடாத கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பது? அது வேறு. ஒரு நல்ல அளவுகோல் சொல்கிறேன். இன்னொரு பாகத்தைக் "கையோட" மாற்றலாமா என்று யோசிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பின்னால் தனியாக மாற்றினால் இதே கூலி மறுபடி வருமா? அந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று அளந்து காட்ட முடியுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் மாற்றலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கை வைக்காதீர்கள்.

4. பெரிய இடத்திலும் இதே கதை

பட்டறைக்காரர் படிக்காதவர், அதனால்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற நீராவி என்ஜினை 2004-ல் 23 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 2006-ல் பழுதுபார்ப்பு ஆரம்பமானது. பிரித்துப் பார்க்கப் பார்க்க வேலை வளர்ந்தது. 2011-ல் அடிச்சட்டப் பகுதியில் விரிசல்கள் தெரிந்தன. கடைசியில் 2016 பிப்ரவரியில்தான் லண்டனிலிருந்து யார்க் நகருக்கு அது பயணிகளோடு ஓடியது. பத்து ஆண்டுகள்! செலவு சுமார் 42 லட்சம் பவுண்டு. பெரிய எஞ்சினியர்களும் பெரிய பணமும் இருந்த இடத்திலேயே இந்தப் பாடு என்றால், நம் டிரைவர் அண்ணன் என்ன செய்வார்? அவருக்குப் பத்து நாள்கூடத் தாங்காது.

5. சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஸ்பேனரை எடுக்கும் முன் சோதனை. பழைய வண்டி உள்ளே வந்தால் அரை மணி நேரம் செலவழித்து எதையும் கழற்றாமல் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவும். காவி நிறம் என்றால் துரு. வெள்ளைப் படிவம் என்றால் சுண்ணாம்பு. எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். என்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தாலும் அதேதான்.

கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யவும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் அழுத்தம் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். ஒரு சிலிண்டரில் குறைந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. மேலே சொன்ன கதையில் ஆறாம் படியில் தெரிந்த ரிங் தேய்வு, இந்தச் சோதனையில் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

கதவுக்குக் கீழ்ப் பகுதியை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்கவும். "டங்" என்றால் தகரம். "டொப்" என்றால் துருவை மூடிய பட்டி. அந்த வண்டிக்கு என்ஜினில் பெரும் செலவு செய்வதற்கு முன் ஓனரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பாடியே சேஸிஸ் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான். சொந்தக் கார் என்றால் 15 ஆண்டு முடிந்தபின் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பாடி தேறாத வண்டிக்கு என்ஜின் மட்டும் தேறி என்ன பயன்?

இரண்டாவது, மூன்று பத்தி எழுதுங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி. முதல் பத்தியில் "இப்போதே செய்ய வேண்டியது". இரண்டாவதில் "இதைத் திறந்தால் கூடவே செய்ய வேண்டியது". மூன்றாவதில் "பார்த்தோம், பொறுக்கலாம்". ராக்கர் வேலை வந்தால் ஹெட் கேஸ்கெட் இரண்டாம் பத்தியில் வர வேண்டும். மேஸ்திரிகளுக்கு இதெல்லாம் மனதிலேயே இருக்கும். ஆனால் மனதில் இருப்பதை ஓனர் படிக்க முடியாது. எழுதிக் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவது, எஸ்டிமேட்டை இரண்டாகச் சொல்லுங்கள். "ஹோஸ் மட்டும் என்றால் இவ்வளவு. ஸ்டட் முறிந்தால் இவ்வளவு, இத்தனை நாள்." முறிந்த பிறகு சொன்னால் அது சாக்கு மாதிரி தெரியும். முறிவதற்கு முன் சொன்னால் அது எச்சரிக்கை. ஒரே விஷயம்தான், சொல்லும் நேரம் வேறு.

நான்காவது, நிறுத்தும் கோடு. வேலை ஆரம்பிக்கும் முன்பே ஓனரிடம் கேட்டு ஒரு தொகையும் ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். மேலே போவதா, இதோடு மாட்டி ஓட்டுவதா, வண்டியையே விற்பதா என்பது அவர் முடிவு. பாதி பிரித்துப் போட்ட வண்டிக்கு எதிரே நிற்கும்போது மனிதனுக்குச் சுதந்திரமாக யோசிக்க முடியாது. "இவ்வளவு போட்டாச்சு, இதையும் போட்டுடலாம்" என்றுதான் தோன்றும். போன பணம் போனதுதான். இனி போடுவதற்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

ஐந்தாவது, தொடும் போல்ட்டைக் காப்பாற்றுங்கள். முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் ராத்திரி முழுக்க ஊறும். ரிங் ஸ்பேனர் போடுங்கள், தேய்ந்த ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். ஹோஸை இழுக்காமல் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தால் அலுமினியக் கழுத்து பிழைக்கும். நம் கதையில் முதல் படியே நடந்திருக்காது!

ஆறாவது, தண்ணீர். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வெட்டவெளியில் சுத்தமான பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. அதுவோ கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரோ எடுத்து, துருத் தடுப்பு உள்ள கூலண்ட்டைச் சரியான அளவில் கலந்து ஊற்றினால் போதும். வெறும் மழைநீர் மட்டும் போதாது, அது இரும்பை அரிக்கும். கூலண்ட் அவசியம்.

6. நிறுத்தக் கூடாத இடம் ஒன்று

இவ்வளவு நேரம் "நிறுத்து, நிறுத்து" என்று சொன்னேன். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தவே கூடாது. அது பிரேக்கும் ஸ்டியரிங்கும்.

அம்பாசிடரின் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஹைட்ராலிக் வழி ஒன்றே ஒன்று. எங்காவது ஓர் இடத்தில் ஆயில் முழுக்க ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் ஓடுகிற அரியலூர் ரோட்டில் இதை நினைத்துப் பாருங்கள். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று வந்தால் நான்கையும் திறந்து பார்க்க வேண்டும். மாற்றினால் ஒரு ஆக்ஸிலின் இரு பக்கமும் மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். ஓனர் "ஒண்ணு மட்டும் மாத்துப்பா, காசில்ல" என்பார். அங்கே நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. "அண்ணே, பெயின்ட் வேலைய அடுத்த மாசம் பார்த்துக்கலாம். ஹாரன் ரிப்பேரையும் தள்ளிப் போடலாம். இது மட்டும் இப்பவே முழுசா செய்யணும்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை எடுக்காமல் விடுவதே மேல். மற்ற இடங்களில் வேலை வளர்ந்தால் பணம்தான் போகும். இங்கே வேலை வளராவிட்டால் உயிர் போகும்.

ஆகவே பூதம் எல்லாம் ஒன்றில்லை. சில பூதங்களை மூடி வைக்கலாம். சில பூதங்களைத் தேடிப் போய் வெளியே இழுத்துத்தான் ஆக வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் டெக்னீஷியனின் அறிவு.

முடிவாக

நண்பர்களே, நம் லேபில் கட்-செக்ஷன் மாடல் என்ஜினைப் பிரித்து மாட்டும்போது எல்லா நட்டும் ஒழுங்காகக் கழன்று வரும். பெயின்ட் அடித்து, எண்ணெய் போட்டு வைத்த நட்டு அது. வெளியே காத்திருப்பது நாற்பது வருஷ வெயிலும் மழையும் சிமெண்ட் தூசும் தின்ற நட்டு. சிலபஸில் "பிரித்தல், பொருத்துதல்" என்று இரண்டு வரி இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய "பிரிக்கலாமா என்று முடிவெடுத்தல்" என்ற வரியை நாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போகிறவர்கள் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு பழைய வண்டிக்கும், ஓனர் என்ன சொல்லிக் கொண்டுவந்தார், கடைசியில் என்ன வேலை நடந்தது, எந்தப் படியில் வளர்ந்தது, மேலே சொன்ன ஐந்து காரணங்களில் எது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பத்துப் பேர் ஒரு மாதம் எழுதினால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் நம் கல்லூரி நூலகத்தில் சேரும். நமக்குப் பின்னால் வரும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு அது உதவும். அவர்களிடம் வண்டியை விடும் டிரைவர் அண்ணன்களுக்கும் உதவும்.

வாழ்க நம் தொழில்! வளர்க நம் திறன்!